ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால்

கணினியின் முன் உட்கார்ந்து, வேறு எதையும் தொடாமல், ஷிப்ட் பொத்தானை மட்டும் அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் ஒரு சிறு ஒலி கேட்கும். திரையில் ஒரு பெட்டி வந்து நின்று, ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கட்டுமா என்று கேட்கும். விண்டோஸ் கணினியில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்த வேகத்தில் ‘வேண்டாம்’ என்று மூடியும் இருப்பார்கள். கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு இது பெரிய தொல்லை. அலுவலகம் என்றால், “இது இனிமே வராத மாதிரி பண்ணிக் குடுப்பா” என்று கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் சொல்வார்கள். அரை நிமிட வேலை. முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

வீட்டுக் கணினி என்றால் அது அவரவர் விருப்பம். நூலகத்தில், இ-சேவை மையத்தில், பள்ளி ஆய்வகத்தில், தேர்வு மையத்தில் இருக்கிற கணினி அப்படியல்ல. அடுத்து அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே அந்தப் பெட்டியை வரவிடாமல் செய்வது, வருகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு கையோடும் பத்து விரலோடும்தான் வர வேண்டும் என்று நிபந்தனை போடுவதற்குச் சமம்.

ஏனென்றால் அந்தப் பெட்டி ஒரு கையால் தட்டச்சு செய்கிறவருக்காக இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து போட, மின்னஞ்சல் முகவரியில் அட் குறி போட, எழுதியதைக் காப்பி எடுத்து ஒட்ட, எல்லாவற்றுக்கும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துவது இன்னும் கடினம். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி 1981-ல் வெளிவந்த ஐபிஎம் பிசிக்காக அந்தக் கூட்டணியை அமைத்தார். தெரியாமல் கை பட்டுக் கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடக் கூடாது என்பதால், இரண்டு கையும் சேர்ந்தால்தான் எட்டும் தூரத்தில் இருக்கிற பொத்தான்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இன்றும் எத்தனையோ அலுவலகக் கணினிகளில் உள்ளே நுழையவே அந்த மூன்றையும் அழுத்தியாக வேண்டும். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன எழுத்தருக்கு, கடவுச்சொல் அடிக்கும் இடத்துக்கு முன்பே வழி நின்றுவிடுகிறது.

ஸ்டிக்கி கீஸ் இயங்கினால் கதை வேறு. கன்ட்ரோலை ஒரு தட்டு தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அந்தப் பொத்தான் இன்னும் அழுந்தியே இருப்பதாகக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஆல்ட். பிறகு டெலீட். ஒரே விரல் போதும். வாயில் பிடித்த குச்சிகூடப் போதும். தமிழ்99 விசைப்பலகையில் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவையில்லை. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று தனித்தனிப் பொத்தான்கள். ஆனால் ஜ, ஷ, ஸ, ஹ வந்தால் ஷிப்ட்டைப் பிடித்தாக வேண்டும். ராஜேஸ்வரி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஒருவர் ஒற்றைக் கையால் தன் பெயரை அடிப்பதற்கு இந்த வசதி வேண்டும்.

இது விண்டோஸுக்காக மைக்ரோசாஃப்ட் தானாக யோசித்த ஒன்றல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1971-ல், பேச முடியாத, கையை நினைத்தபடி அசைக்க முடியாத ஒரு சிறுவனுக்கு எழுத்துகளைச் சுட்டிக்காட்ட ஒரு பலகை செய்து கொடுக்கும் முயற்சியில் சில மாணவர்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கிரெக் வாண்டர்ஹைடன். அந்த முயற்சிதான் ட்ரேஸ் மையமாக வளர்ந்தது. ஒற்றை விரலுக்கான விசை வசதியும், நடுங்கும் கைக்கான விசை வசதியும், மவுஸே இல்லாமல் எண் பொத்தான்களால் சுட்டியை நகர்த்தும் வசதியும் அந்த மையத்தின் உழைப்பில் உருவானவை. முதலில் டாஸுக்கும் பழைய விண்டோஸுக்கும் தனியாகச் சேர்க்கிற பொதியாக வந்தன. விண்டோஸ் 95-ல் கணினிக்குள்ளேயே குடியேறின. அதாவது முப்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு விண்டோஸ் கணினியோடும் கூடவே இவை வந்துகொண்டிருக்கின்றன. தனியாக ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பொத்தானோடு யூ எழுத்தை அழுத்தினால் அத்தனையும் ஒரே பக்கத்தில் திறக்கும். இப்போதைய விண்டோஸில் அந்தப் பக்கத்துக்கு ஆக்சஸிபிலிட்டி என்று பெயர். தமிழில் அணுகல் வசதி என்கிறோம்.

அறிமுகம் இல்லாததால் இவை படுகிற பாடு கொஞ்சமல்ல. வலது பக்க ஷிப்ட்டை எட்டு விநாடி அழுத்தியபடி இருந்தால் ஃபில்டர் கீஸ் என்கிற வசதி வரும். கை நடுக்கம் உள்ளவர் ‘க’ அடிக்கப் போய் ‘கககக’ என்று விழாமல், சின்னச் சின்னத் தட்டல்களையும் திரும்பத் திரும்ப விழும் எழுத்துகளையும் அது ஒதுக்கிவிடும். பார்கின்சன் நோயாளிக்கு இது வரம். ஆனால் யாரோ யோசனையில் ஷிப்ட் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்து, வந்த பெட்டியைப் படிக்காமல் ‘சரி’ கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு வேகமாகத் தட்டுகிற எதுவும் திரையில் விழாது. ‘கீபோர்டு போயிடுச்சு’ என்று முடிவு கட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. புதுக் கீபோர்டு மாட்டினாலும் அதே கதைதான். அமைப்புக்குள் போய் ஒரு சுவிட்சைத் தள்ளினால் தீர்ந்துபோகும் விஷயம்.

கண்ணுக்கு வருவோம். நாற்பது தாண்டியதும் எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. பழைய தலைமுறை சாளேசரம் என்று சொல்லும். கணினித் திரையில் எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். வந்து பார்க்கிற பையன் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துவிடுவான். எழுத்து பெரிதாகும், கூடவே கலங்கும். ஈரத் துணியால் துடைத்த ஸ்லேட்டுப் பலகை மாதிரி, எல்லா ஓரமும் மங்கலாகத் தெரியும். மெல்லிய கோடுகளில் நிற்கும் தமிழ் எழுத்துக்கு இது இன்னும் மோசம். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடும். சரியான வழி அதே ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் இருக்கிறது. டெக்ஸ்ட் சைஸ் என்ற இடத்தில் ஒரு கோட்டை இழுத்தால் எழுத்து மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாகும், கூர்மை கெடாது. மவுஸ் சுட்டியைப் பெரிதாக்கலாம், மஞ்சளோ பச்சையோ வண்ணம் கொடுக்கலாம். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெளிச்சமாக்கலாம். விண்டோஸ் பொத்தானும் கூட்டல் குறியும் சேர்ந்தால் உருப்பெருக்கி வரும். அறுபதைத் தொட்ட ஓர் ஆசிரியர், கண்புரை அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கும் மாதங்களில், மதிப்பெண் பதிவேற்ற மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து உட்கார வேண்டியதில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தங்களை மாற்றுத்திறனாளி என்று பதிவு செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ 11.79 லட்சம் பேர். அந்த ஆசிரியர் அந்தக் கணக்கில் வரமாட்டார். வண்டியிலிருந்து விழுந்து ஒரு மாதம் கையில் மாவுக்கட்டோடு இருப்பவரும் வரமாட்டார். ஒரு காது கேளாத பாட்டு ரசிகரும் பெரும்பாலும் வரமாட்டார். இளையராஜாவின் ‘ப்ரியா’ பாடல்கள் 1978-ல் ஸ்டீரியோவில் வந்தன. அந்த நாளிலிருந்து தமிழ்ப் பாட்டில் ஒரு கருவி இடது பக்கமும் இன்னொன்று வலது பக்கமுமாகப் பிரிந்து ஒலிக்கிறது. ஹெட்போனில் கேட்கும்போது ஒரு காது மட்டும் கேட்கிறவருக்கு ஒரு பாதி வாத்தியம் போய்விடும். மோனோ ஆடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தள்ளினால் இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து கேட்கிற காதுக்கு வரும். இந்த ஒரு சுவிட்சைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாமல், பாதிப் பாட்டையே முழுப் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்வையே இல்லாதவருக்கு இந்த வசதிகள்தான் கணினி. இவை இல்லையென்றால் அவர் முன்னால் இருப்பது வெறும் பெட்டி. திரை வாசிப்பான் என்கிற மென்பொருள் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். அவர் காதால் கேட்டுக் கையால் இயக்குவார். ஒரு காலத்தில் இதற்கு ஜாஸ் போன்ற மென்பொருள்களை வாங்க வேண்டியிருந்தது. கணினியின் விலையைவிட அதன் விலை அதிகமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ இருவரும் பார்வையற்றவர்கள். சிறுவயதில் ஓர் இசை முகாமில் அறிமுகமான நண்பர்கள். பார்க்கிறவர் கொடுக்கிற காசையே பார்வையற்றவரும் கொடுத்தால் போதும் என்று ஆக்கிவிட வேண்டும் என 2006-ல் கரன் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் என்விடிஏ. டெ பிறகு அதில் சேர்ந்தார். இலவசம். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். இன்று தமிழகத்தின் பார்வையற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் பலரின் அன்றாடம் அதில்தான் ஓடுகிறது. பழகியவர் வைத்திருக்கும் வேகத்தில் அதைக் கேட்டால் மற்றவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. மழைக்கூரைச் சத்தம் போல இருக்கும். அவர்கள் அந்த வேகத்தில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள்.

விண்டோஸிலேயே நேரேட்டர் என்று ஒரு வாசிப்பான் உண்டு. விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். ஆப்பிள் கணினியில் 2005-லிருந்து வாய்ஸ்ஓவர் இருக்கிறது. லினக்ஸில் ஆர்கா இருக்கிறது. விண்டோஸுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். ஆனால் அந்தக் குரல் கணினியோடு தானாக வந்துவிடாது; தமிழ் மொழியையும் அதன் பேச்சுப் பகுதியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். பொதுக் கணினியில் அந்தக் கடவுச்சொல் பயன்படுத்துகிறவரிடம் இருக்காது. பூட்டு விழுவது இந்த இடத்தில்தான்.

என்விடிஏவை ஒரு பென் டிரைவில் போட்டு எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். கணினியில் நிறுவாமல் அப்படியே ஓட்டலாம். பார்வையற்ற மாணவர்கள் பலர் பையில் வைத்திருப்பார்கள். ஆனால் வைரஸ் வரும் என்று பொதுக் கணினிகளில் யுஎஸ்பி துளையை அடைத்துவிடுகிறார்கள். கணினியில் என்ன மாற்றினாலும் அணைத்துத் திறந்ததும் பழையபடி ஆகிவிடும் மென்பொருளையும் போட்டுவைக்கிறார்கள். ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றி, தன் கண்ணுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிறார். மின்சாரம் போய் வந்தால் எல்லாம் போச்சு. அமைப்புப் பக்கத்தையே திறக்கவிடாத இடங்களும் உண்டு.

நிர்வாகிகள் சொல்லும் காரணம் ஒன்றை நியாயமாகக் கேட்க வேண்டும். உள்நுழையும் திரையிலேயே இந்த அணுகல் வசதிகள் இயங்கும். கடவுச்சொல் அடிப்பதற்கே உதவி தேவைப்படுகிறவருக்கு வேறு எப்படி முடியும்? அந்த வசதியின் கோப்பை எடுத்துவிட்டு வேறொரு நிரலை அதே பெயரில் வைத்தால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புகுந்துவிடலாம் என்கிற பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. பாதுகாப்புத் துறையில் எல்லோரும் அறிந்தது. அதற்குப் பயந்துதான் சிலர் இவற்றை அடியோடு நிறுத்துகிறார்கள். ஆனால் அந்தத் தந்திரம் பலிக்க வேண்டுமென்றால், ஒருவர் முன்கூட்டியே கணினியின் நிர்வாக உரிமையைப் பெற்றிருக்க வேண்டும் அல்லது வெளியிலிருந்து ஒரு வட்டைப் போட்டுக் கணினியைத் தொடங்கி வன்தட்டைத் தொட்டிருக்க வேண்டும். வன்தட்டை மறையாக்கம் செய்துவிட்டு, வெளி வட்டிலிருந்து தொடங்க முடியாதபடி பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். திருடன் சாய்தளம் வழியாக ஏறி வந்தான் என்றால் கதவுக்கு நல்ல பூட்டு போட வேண்டும். சாய்தளத்தை இடித்தால், திருடன் படியேறி வந்துவிடுவான். சக்கர நாற்காலியில் இருப்பவர்தான் வெளியே நிற்பார்.

இன்னொரு பூட்டு நம் மொழிக்கே உரியது. அதைப் பூட்டியது எந்த வெளிநாட்டு நிறுவனமும் அல்ல, நாமேதான். என்விடிஏ ஓடுகிறது, தமிழ்க் குரல் இருக்கிறது, எல்லா அமைப்பும் சரி என்றே வைத்துக்கொள்வோம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு கோப்பு வருகிறது. திரையைப் பார்க்கிறவருக்கு அதில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். கணினிக்குள் அங்கே தமிழே கிடையாது. ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் கிடக்கும். பாமினி என்கிற முகமூடியை மாட்டியதால் அவை தமிழ் போலத் தெரிகின்றன. திரை வாசிப்பானுக்கு முகமூடி தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ‘அரசு’ என்ற சொல் எம், யூ, ஆர் என்று காதில் விழும். அரசாணை ஒன்றை இப்படி ஒரு பக்கம் கேட்டுப் பார்த்தவருக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட வதை என்று.

அரசு அலுவலகங்களில் நீண்ட காலம் புழங்கிய வானவில் எழுத்துருவிலும் இதே சிக்கல்தான். யூனிகோடு வந்தபின் இதற்குத் தேவையே இல்லை. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் டிடிபி கடையில், அலுவலக மேசையில், அழைப்பிதழில், பாடக்குறிப்பில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. யூனிகோடில் அடித்த சுற்றறிக்கையையும் அச்செடுத்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறார்கள். படத்துக்குள் எழுத்து இல்லை. திரை வாசிப்பான் ‘படம்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். கையெழுத்துள்ள பிரதியோடு, அடித்த கோப்பையும் சேர்த்து அனுப்பினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பமும் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில் ஒரு படி மேலே போனது. அவர் அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர். வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் இணையவழி நடைமுறை அவரைக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னது. அவரால் சிமிட்ட முடியாது. எண்ணிம அணுகல், அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. வாழ்வுரிமை என்றே சொல்லியாகிவிட்டது. அதை நூலகத்து மூலையில் இருக்கும் கணினி வரை கொண்டுவந்து சேர்ப்பது உள்ளூர்க்காரர்களின் வேலை.

எங்கெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று தேடவும் வேண்டியதில்லை. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் இருக்கிறது. பாராட்ட வேண்டியவை. ஆனால் ஒரு மாணவி திருவாரூரிலிருந்தோ தேனியிலிருந்தோ தினமும் அங்கே வர முடியாது. அவளுக்குக் கிளை நூலகமும் அரசுப் பள்ளியின் ஹைடெக் லேப்பும்தான் கிடைக்கும். தனி அறை, தனிக் கருவி என்று காத்திருக்கவும் தேவையில்லை; அங்கே இருக்கும் சாதாரணக் கணினியிலேயே முக்கால்வாசி வசதி தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒதுக்கி வைத்த ஒரு ‘மாற்றுத்திறனாளி கணினி’யைவிட, எல்லாக் கணினியும் அவளுக்குத் திறந்திருப்பதே மேல். தோழிகளோடு ஒரே வரிசையில் உட்காரலாம்.

தேர்வு மையம்தான் இதில் மிகக் கொடியது. ஒரு மணி நேரத்தில் ஒருவருடைய பிழைப்பு முடிவாகிற இடம். மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29-ல் வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல்களில், கணினியில் தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளி ஒரு நாள் முன்னதாகவே வந்து கணினியைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று இருந்தது. குறையிருந்தால் முன்பே சரிசெய்யலாம் என்பதற்காக. அந்த வழிகாட்டுதலை எழுதியவருக்கு நடைமுறை தெரிந்திருக்கிறது. முந்தின நாள் சோதித்த கணினியும் மறுநாள் உட்காரும் கணினியும் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தின நாள் செய்த அமைப்பு இரவோடு இரவாக அழிந்துபோகக் கூடாது. அங்கே இருக்கும் மேற்பார்வையாளருக்கு, திரை வாசிப்பான் என்றால் என்ன, ஹெட்போன் ஏன் போட்டிருக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ‘ஹெட்போனைக் கழற்று’ என்று ஒருவர் அதட்டினால் அன்றைய தேர்வு அங்கேயே கெட்டுப்போகும்.

கற்றுக்கொடுப்பதும் மலையைப் புரட்டும் வேலையல்ல. தட்டச்சு நிலையங்களில் ஜூனியர், சீனியர் என்று பத்து விரலையும் பழக்கிய ஊர் இது. கணினி வகுப்பின் முதல் நாளில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே எழுத்தைப் பெரிதாக்கவும் கற்றுக்கொடுக்கலாம். என்விடிஏ ஓடும் கணினியில் இன்சர்ட் பொத்தானோடு ஒன்று என்ற எண்ணை அழுத்தினால், அதற்குப் பிறகு எந்தப் பொத்தானைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொடுக்கும்; ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பிள்ளை விசைப்பலகையைத் தானே தடவிப் படித்துவிடும். வாசிப்பை நிறுத்தக் கன்ட்ரோல். இந்த இரண்டைத் தெரிந்துகொண்ட ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தால் போதும், ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை கணினிப் பக்கம் வந்துவிடும்.

அரசு கணினி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எவ்வளவு, எத்தனை ஆண்டு வாரண்டி என்று பக்கம் பக்கமாக நிபந்தனை போடுகிறது. அதில் அரைப் பக்கம் இதற்கும் ஒதுக்கலாம். என்விடிஏவும் தமிழ்க் குரலும் நிறுவப்பட்டு வர வேண்டும். அணுகல் பக்கம் எல்லாப் பயனருக்கும் திறந்திருக்க வேண்டும். பயனர் செய்த மாற்றம் அவர் கணக்கில் நிலைத்திருக்க வேண்டும். கணினிகளை மாட்டிக் கொடுக்க வரும் பொறியாளர் கிளம்புவதற்கு முன், தலைமை ஆசிரியரோ நூலகரோ பக்கத்தில் நின்று மூன்றே மூன்று சோதனை செய்யச் சொல்லலாம். ஷிப்ட்டை ஐந்து முறை தட்ட வேண்டும். பெட்டி வர வேண்டும். கணினியை அணைத்துத் திறந்து, கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே நேரேட்டரைப் பேசவைக்க வேண்டும். கடைசியாக, அந்த மாதம் அலுவலகத்துக்கு வந்த தமிழ்ச் சுற்றறிக்கை ஒன்றைத் திறக்க வேண்டும். அதன் முதல் வரியை வள்ளுவர் குரல் தமிழாகவே வாசித்தால், அதற்குப் பிறகு ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம்.